கேட்டுக் கவுண்டரும் என் முதல் வகுப்பு இந்தியும்

இந்தியில் முதல் வகுப்பில் தேறியதற்கான பத்திரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு, பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்த வாக்கில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். அந்தப் பத்திரத்தின் பலத்தில் நான் இந்தி பேசிய சந்தர்ப்பம் வாழ்க்கையில் ஒன்றே ஒன்று. அதைக் கேட்ட பம்பாய்ப் பெரிய மனிதர் உயிரோடு ஊர் திரும்பினார் என்றால், அது எங்கள் மில் வாசலில் காவலிருந்த கேட்டுக் கவுண்டர் செய்த புண்ணியம்.

உலகத்தில் தமிழ் தெரியாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது என்று மனமார நம்பியவர் கேட்டுக் கவுண்டர். தெரியாது என்று சொல்கிறவர்கள் கூச்சப்படுகிறார்கள் என்பது அவர் கட்சி.

"நெதானமா, நாலு 'ங்க' சேத்திப் பேசுனா ஆருக்குத்தானுங்க புரியாது? நீங்க வெடுக்குன்னு பேசறீங்க. அவிய பயந்துக்கறாங்க" என்பார்.

முப்பதுகளின் கடைசி அது. அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் குமாஸ்தா. அந்தக் காம்பவுண்டுச் சுவருக்குள் பாரத தேசத்தில் பாதி அடக்கம். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார். தலைமைக் கணக்கர் பாலக்காட்டுக்காரர். கூட்டல் சரியாக வந்தால் தமிழ், தப்பினால் மலையாளம். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பக்கத்து மேஸ்திரி கொஞ்சுவது தமிழிலும் திட்டுவது கன்னடத்திலும். நூற்பு மாஸ்டர் லங்காஷயரிலிருந்து வந்த துரை. அவருடைய இங்கிலீஷ் மற்ற இங்கிலீஷ்காரர்களுக்கே புரியாது என்று பேச்சு. இத்தனை பேரும் நுழைகிற வாசலில், காக்கிச் சட்டையும் சிவப்புத் தலைப்பாகையுமாக, ஒரு முக்காலியில் கவுண்டர்.

கருமத்தம்பட்டிக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் பூமி இருந்தது. கிணறு வற்றிப்போனதும் பூமியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மில் திறந்த அன்று கேட்டுக்கு வந்தவர். இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கையில் ஒரு மூங்கில் தடி. அதை அவர் ஓங்கி யாரும் பார்த்ததில்லை. காலடியில் இரண்டு பித்தளைச் சொம்புகள். ஒன்று குடிக்க. இன்னொன்று கொல்லைப் பக்கம் போகிறவர்களுக்கு. இரண்டும் மாறிவிடாமலிருக்க இரண்டாவதன் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருப்பார்.

துரைக்கும் கவுண்டருக்கும் எட்டு வருஷமாக ஒரு வழக்கம். பொழுது சாய்கிற நேரத்தில் துரை பங்களாவுக்குப் போகும்போது கேட்டில் பத்து நிமிஷம் நிற்பார். கவுண்டர் தம் கிணற்றைப் பற்றித் தமிழில் பேசுவார். துரை எதைப் பற்றியோ இங்கிலீஷில் பேசுவார். ஒருவர் பேசும்போது மற்றவர் தலையாட்டுவார். இருவரும் திருப்தியாகப் பிரிவார்கள். இதைப் பார்த்து நாங்கள் ஆபீஸ் ஜன்னலில் நின்று சிரிப்போம். ஒரு நாள் கவுண்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, தொரையோட ஆத்தா தவறிப்போனாங்களாட்ட இருக்குது. ரெண்டு நாளைக்கு அவர்கிட்ட கணக்கு வழக்குக் கேட்டுப்போடாதீங்க."

"அவர் சொன்னாருங்களா?"

"சொல்லலீங்க. நெதமும் பேசற மனுசன், நடுவுல நிறுத்திப்போட்டு ரோட்டையே பாத்துட்டு நின்னாருங்க. வெள்ளைக்காரரா இருந்தா என்னங்க, ஆத்தா போனா அப்பிடித்தான் நிப்பாங்க."

விசாரித்தால், காலையில் தந்தி வந்திருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஜன்னலில் நின்று சிரிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடங்களில் இந்தி கட்டாயம் என்று வந்து, ஊரே இரண்டு பட்டிருந்தது. ஒரு நாள் இந்தி வேண்டும் என்று ஊர்வலம் போகும். மறு நாள் வேண்டாம் என்று கறுப்புக் கொடி போகும். கவுண்டர் இரண்டுக்கும் ரோட்டோரம் நின்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் வார்த்தார். "நீர் எந்தக் கட்சி ஐயா?" என்று ஒரு கொடிக்காரர் கோபமாகக் கேட்டார். "ரெண்டு கச்சிக்கும் தொண்டை வறண்டுதானுங்க கெடக்குது. மொதல்ல குடிங்க" என்றார் கவுண்டர்.

நான் வேண்டும் கட்சி. மாலை வகுப்புக்குப் போய், புத்தகத்தை மனப்பாடம் செய்து, மேற்படி பத்திரத்தையும் வாங்கியிருந்தேன். இந்தி பேசுகிற மனிதர் எவரையும் நேரில் பார்த்ததில்லை என்பது ஒரு குறையாகவே தோன்றவில்லை. எங்கள் இந்தி வாத்தியாரும் பார்த்ததில்லை.

கவுண்டருக்கு வினை வந்தது அவருடைய மரியாதையால். எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவரை "வாங்க" என்று சொல்லி, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஊர் கேட்டு, மழை கேட்டு, பிள்ளை குட்டிகளைக் கேட்டு, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டு, கடைசியில்தான் வந்த காரியத்தைக் கேட்கலாம். முதலிலேயே கேட்டுவிட்டால் "எப்போது கிளம்புவீர்" என்று கேட்டதாக ஆகிவிடும். கவுண்டருக்கு மில் கேட்டும் தம் வீட்டு வாசல்தான். பம்பாயிலிருந்து வந்த, தமிழ் அரைகுறையாகப் புரிகிற ஒரு பஞ்சு ஏஜெண்டை அந்த முறைப்படி அரை மணி நேரம் விசாரித்திருக்கிறார். பாவம், அந்த மனிதர் போலீஸ் விசாரணை என்று நினைத்துவிட்டார். ஊருக்குப் போய், தம் குடும்பம், சொத்து, பழக்கவழக்கங்கள் பற்றி ஒரு தடிக்காரன் தம்மைக் குறுக்கு விசாரணை செய்ததாக முதலாளிக்கு இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதிவிட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு மாசத்துல அந்த ஏஜெண்டோட மொதலாளி, பெரிய சேட்டே நேர்ல வர்றாரு. பஞ்சு ஒப்பந்தம் அவரு கையிலதான் இருக்குது. அதுக்குள்ள கவுண்டருக்கு இந்தி வரணும். நீதான் சொல்லித் தர்றே."

"இங்கிலீஷ்ல வரவேற்கலாமேங்க" என்றேன், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நோக்கத்தோடு.

"இங்கிலீஷ் பேசற வாட்ச்மேன், தொரை சம்பளம் கேப்பான். இந்தியே சொல்லிக் குடு. வரலீன்னா கவுண்டரைப் பஞ்சுக் குடோனுக்குப் போட்டுட்டு, கேட்டுக்கு வேற ஆளைப் பாக்கறேன்."

சேதியைச் சொன்னபோது கவுண்டரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குடோனில் சம்பளம் ஒன்றுதான், நிழல்கூட உண்டு. ஆனால் ஆள் கிடையாது.

"அங்க ஆருங்க இருக்கறாங்க? பஞ்சுப் பொதி. அதுககிட்டப் போயி, சாப்பிட்டீங்ளா, ஊருல மழையுங்ளான்னு கேக்க முடியுங்களா? எனக்குப் பைத்தியம் புடிச்சுப்போயிருங்க தம்பி. ஆராச்சும் வரோணும், ஆராச்சும் போகோணும். இல்லீன்னா நான் எதுக்குங்க?"

அன்று மாலையே பாடம் ஆரம்பமாயிற்று. முதல் பாடம், மாமரம். தோட்டத்தில் மாமரம் இருக்கிறது என்று இந்தியில் சொல்லச் சொன்னேன்.

"எந்தத் தோட்டத்துலீங்க?"

"எந்தத் தோட்டமும் இல்லைங்க. சும்மா ஒரு தோட்டம்."

"இல்லாத தோட்டத்துல மாமரம் இருக்குதுன்னு சேட்டுகிட்ட எப்பிடீங்க பொய் சொல்றது? வெலைக்குக் கேட்டுப்போட்டாருன்னா?"

ஒரு வாரத்தில் மாமரத்தைக் கைவிட்டேன். 'ஜீ' என்பது மரியாதைச் சொல் என்று விளக்கிய நாள் மட்டும் அவருக்கு உற்சாகம். "அப்ப அது நம்ம 'ங்க'தானுங்களே. நல்ல பாசைதானுங்க. இதுக்கா கொடி புடிக்கறாங்க?" என்றார். எந்தப் பக்கத்துக் கொடியைச் சொன்னார் என்று தெரியவில்லை. இரண்டையுமாக இருக்கலாம்.

மத்தியானச் சோறு கொண்டுவருகிற அவர் மனைவி என்னிடம் தனியாக முறையிட்டார். "ஊட்டுல மாட்டுகிட்ட நின்னு 'நமஸ்தே ஜீ'ன்னு படிக்கறாருங்க சாமி. மாடு மெரண்டுபோயி ரெண்டு நாளாப் பாலைச் சுருக்கிக்கிச்சுங்க."

இரண்டு மாதம் முடிந்தபோது கவுண்டருக்கு இரண்டு சொற்கள் தேறியிருந்தன. ஒன்று 'நமஸ்தே ஜீ'. இன்னொன்று 'பதாரியே', அதாவது எழுந்தருள்க. அதையும் 'பதாரியேங்க' என்பார். நான் ஒரு திட்டம் போட்டேன். அந்த இரண்டு சொல்லை மட்டும் சொல்லிவிட்டுக் கவுண்டர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்வேன். சேட்டின் காதில் ஒரு தமிழ்ச் சொல்லும் விழக் கூடாது.

"தொறக்க மாட்டனுங்க. எம்பட கெணத்து மேல சத்தியமுங்க" என்றார். வற்றிய கிணறுதான் என்றாலும் சத்தியம் செய்ய அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அந்த நாள் வந்தது. சேட் பொள்ளாச்சியில் ஒரு கொப்பரை வியாபாரி வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. இரண்டு மணிக்கே கார் வந்து நின்றது. முதலாளி இன்னும் வீட்டில் இருந்தார். கேட்டில் நாங்கள் இருவர் மட்டும். ஒரு மணி நேரம் முன்னதாக வருகிறாரே, எங்கள் மில் மேல் எத்தனை மதிப்பு என்று எனக்குப் புல்லரித்தது.

பருத்த சரீரம், கறுப்புத் தொப்பி. காரிலிருந்து இறங்கியவர் அவசரமாக நாலா பக்கமும் பார்த்தார். "நமஸ்தே ஜீ, பதாரியேங்க" என்று கவுண்டர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உதட்டை இறுக மூடினார். நான் முன்னால் போய் நின்று, இலக்கணப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நாள் எழுதிய வரவேற்புரையைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தேன். முழுத்தாளில் மூன்று பக்கம்.

முதல் பக்கத்தின் நடுவிலேயே சேட் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. தன்னடக்கத்தால் மறுக்கிறார் என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன். இரண்டாம் பக்கத்தில் அவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்தேன். நெற்றியில் வேர்வை அரும்பியது. வெயில் என்று நினைத்து, வாசிப்பதை நிறுத்தாமலே என் குடையை விரித்து அவருக்குப் பிடித்தேன். குடைக்குள் அகப்பட்டுக்கொண்ட மனிதர் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பாரத மாதாவைப் பற்றிய வாக்கியத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

பக்கத்தில் கவுண்டரின் நிலைமை அதைவிட மோசம். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. சேட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், குடோன் இருக்கும் திசையைப் பார்ப்பார். நான் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன்.

"நிறுத்துங்க தம்பி. மனுசன் சாகறாருங்க."

சொல்லிக்கொண்டே சிவப்புத் துணி கட்டிய சொம்பை எடுத்துவிட்டார். "ஏனுங்க, வகுத்தக் கலக்குதுங்ளா? பொள்ளாச்சி மொளகாய்ங்க, சும்மா உடுமா? அக்கட்டால எடமிருக்குது, வாங்க. வெக்கப்படாதீங்க, எல்லாருக்கும் வாரதுதானுங்க."

சொம்பைப் பார்த்ததும் சேட்டின் முகத்தில் தோன்றிய வெளிச்சத்தை நான் பிறகு எந்த வரவேற்பிலும் கண்டதில்லை. வழி காட்டப் போன கவுண்டரை முந்திக்கொண்டு அவர் ஓடினார்.

கால் மணி நேரம் கழித்து வேறு மனிதராகத் திரும்பினார். கவுண்டர் தம் முக்காலியில் உட்காரவைத்து, மத்தியானச் சோற்றுக்கு வந்திருந்த மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்தார். மடை திறந்த பிறகு என்ன, எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். எந்த ஊருங்க, மழையுங்ளா, பசங்க எத்தனைங்க. சேட் மூன்று விரலைக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துத் தொட்டில் மாதிரி ஆட்டினார்.

"பேரன் பொறந்திருக்குதாட்ட. ரொம்ப சந்தோசமுங்க" என்றார் கவுண்டர். சேட் வாய் விட்டுச் சிரித்தார். கையில் மூன்றாம் பக்கத்தோடு நான் வெயிலில் நின்றேன். குடையை முக்காலியில் சாத்திச் சேட்டுக்கு நிழலாக்கியிருந்தார் கவுண்டர்.

அந்தக் காட்சியின் நடுவில் முதலாளியின் கார் வந்தது. கவுண்டர் எழுந்து தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வாயத் தொறந்துபோட்டனுங்க மொதலாளி. குடோனுக்கே போயிக்கறனுங்க" என்றார். முதலாளி சேட்டை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். கவுண்டர் சொம்புகளைக் கழுவித் துணியில் மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு, கேட்டைப் பார்த்தபடி நின்றார். அன்று உள்ளே போன வண்டிக்காரர் ஒருவரையும் அவர் சாப்பிட்டாயிற்றா என்று கேட்கவில்லை. சேட் உள்ளே இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் என் பத்திரத்தைக் கிழித்துப்போடலாமா என்று நான் உண்மையாகவே யோசித்தேன்.

சேட் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அவர் முகத்தில் விளங்காத ஒரு சிரிப்பு.

"கவுண்டரைக் கேட்டுலயே இருக்கச் சொல்லு. சேட்டுக்குச் சொந்த பாஷை குஜராத்தியாம், இந்தி கொஞ்சம் தட்டுத் தடுமாறித்தான் வருமாம். அப்படியும் உங்க கேட்டுக்காரர் பேசின இந்தி ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சுதுங்கறாரு." கையெழுத்துப் போட்ட பேனாவை மூடினார். "பக்கத்துல ஒரு குமாஸ்தா தமிழ்ல என்னமோ ரொம்ப நேரம் படிச்சாராம். அதுதான் ஒண்ணும் புரியலையாம்."

கேட்டுக்குப் போய்ச் சேதியைச் சொன்னேன். கவுண்டர் மூட்டையை அவிழ்த்துச் சொம்புகளைப் பழைய இடத்தில் வைத்தார். இன்றைக்கும் ஏதாவது ஓர் ஊரில், பாஷை தெரியாத இடத்தில் நிற்க நேர்ந்தால், என் கை தன்னால் பக்கத்தில் ஒரு காக்கிச் சட்டையைத் தேடுகிறது.

அன்று என் முகம் தொங்கியிருந்ததைப் பார்த்து, என்ன என்று கேட்டார் கவுண்டர். என் இந்தியைச் சேட் தமிழ் என்று நினைத்துவிட்டதைச் சொன்னேன். கவுண்டர் என்னைத் தம் முக்காலியில் உட்காரவைத்தார். துணி கட்டாத சொம்பில் எனக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தார்.

"உடுங்க கண்ணு. இதுல உங்களுக்கு ஒரு கெட்ட பேருமில்லீங்க. தமிழுக்குத்தானுங்க."