பேருந்தில் ஏறிய பெயர்

மேனிடோபா மாகாணத்தின் வடிகால் வரைபடங்களைப் பேணும் எங்கள் வின்னிபெக் அலுவலகத்தில், முறையான தீர்மானமின்றி ஒரு நாற்காலிகூட இடம்பெயர்ந்ததில்லை. அத்தகைய அலுவலகத்திற்கு மே மாதத்தில் பிரையர் ஃப்ரீசன் என்னும் பயிற்சி மாணவர் வந்து சேர்ந்தார். அவர் தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ எழுதிக்கொள்வதில்லை. அடையாள அட்டையில் மட்டும், அவர் என்றோ விட்டொழித்த பழைய பெயர் அச்சாகியிருந்தது. அப்பெயரை நான் இங்கு எழுதப்போவதில்லை. அலுவலகம் போதுமான அளவு எழுதிவிட்டது.

வாயிற்காவலர் லூசியன், விதிப்படி, ஒவ்வொரு காலையும் அட்டையிலுள்ள பெயரை உரக்க வாசித்துப் பதிவேட்டில் குறிப்பார். வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிரையரின் வரைபடங்களைக் கண்டு மகிழ்ந்த இயக்குநர் டோலரஸ் பென்னர், நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார்.

"இருக்கேன் மேடம். ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்குள்ள அட்டையில பேர மாத்திக் குடுத்துருங்க. தெனம் காலையில அந்தப் பேரக் கேட்டுட்டு என்னால வேல பாக்க முடியல."

"இவ்வளவுதானா? இதுக்குன்னே குழு அமைச்சிடுவோம்."

அரவணைப்புக் குழு அமைந்தது. முதற்கூட்டத்தில் பெரோகி என்னும் கொழுக்கட்டை பரிமாறப்பட்டது. பிரையரின் விண்ணப்பம் மேசைக்கு வந்தபோது, இயக்குநர் கனிவுடன் விளக்கினார்.

"பால்பன்மையர் ஒருத்தராவது உக்காராம இந்தக் குழுவோட தீர்மானம் எதுவும் செல்லாது. உங்க நன்மைக்காகத்தான் அப்படி ஒரு விதி."

"அந்த ஒருத்தர் நான்தானே மேடம்?"

"ஆமா. ஆனா உங்க விண்ணப்பத்த நீங்களே முடிவு செஞ்சா சுயநலம்னு பேச்சு வரும். வெளியில உக்காரணும்."

"நான் வெளியில போனா?"

"கூட்டம் செல்லாது."

"உள்ளயே இருந்தா?"

"தீர்மானம் செல்லாது. எப்படிப் பாத்தாலும் நீங்க இல்லாம இங்க ஒண்ணும் நடக்காது. வேற எந்த ஆபீஸ்ல இந்த மதிப்பு கெடைக்கும், சொல்லுங்க?"

ஜூனிலும் ஜூலையிலும் குழு இதே முடிவைக் கூடுதல் கனிவுடன் எட்டியது. இதற்கிடையே விளம்பரப் பிரிவினர் பிரையரைப் படமெடுத்தனர். 'இங்கே நான் நானாக இருக்கிறேன் – பிரையர்' என்னும் வாசகத்துடன் அப்படம் நகரப் பேருந்துகளில் ஏறியது. பேருந்தில் பெயர் எழுத எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவைப்படவில்லை.

"பஸ்ல பாத்தேன் கண்ணு, நல்லா விழுந்திருக்கு," என்றார் லூசியன்.

"அப்ப அந்தப் பேரயே வாசிக்கலாமே?"

"பஸ் சொல்றதக் கேட்டா என் வேல போயிடும். அட்ட என்ன சொல்லுதோ அதான் எனக்கு." சொல்லிவிட்டு அட்டையை வாசித்தார், உரக்க.

ஆகஸ்ட் கடைசி வெள்ளியன்று, மாகாணத்தின் சிறந்த அரவணைப்புப் பணியிடம் என எங்களுக்குக் கேடயம் வழங்கினார்கள். மேடையேறி அதைப் பெற்றுக்கொள்ளுமாறு பிரையரை அழைத்திருந்தோம். எங்கள் அலுவலக அரங்கின் வாயிலில், விருந்தினர்கள் அனைவர் முன்னிலையிலும், லூசியன் தம் கடமையைச் செய்தார்.

பிரையர் அட்டையைக் கழற்றி அவரது மேசைமேல் வைத்தார்.

"எங்க கண்ணு போற? உள்ள கேடயம் குடுக்கறாங்களே."

"அட்டையில இருக்கறவங்க வந்து வாங்கிக்கட்டும்."

கேடயத்தை இயக்குநரே பெற்றுக்கொண்டார். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.

பிரையர் இப்போது பிராண்டன் நகரில் ஒரு சிறிய நில அளவை நிறுவனத்தில் இருக்கிறார். முதல் நாளன்று, 'பேர் என்ன?' என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்களாம். குழு ஏதுமில்லாத ஊர்.

எங்கள் பணியாளர் கையேட்டின் மேலட்டையில் கேடயத்தின் படத்தைச் சேர்த்து மறுபதிப்பு வெளியிட முடிவாயிற்று. பிழை திருத்துவது என் பணியாதலால், அதை முதன்முறையாக வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் பிழையற்ற ஒரு வாக்கியம் இருந்தது: 'சக ஊழியர் எவரேனும் ஒருவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அடையாள அட்டையில் பெயரை அன்றே மாற்றித் தரலாம்.'

நாங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அக்கையேட்டைப் படித்துப் புரிந்துகொண்டதாக அனைவரும் ஒப்பமிட்டிருக்கிறோம். அதையொட்டி நடந்த தேர்வில் எனக்கு நூற்றுக்கு நூறு.