உன் கிட்னி இங்கு நலம்

மாமல்லபுரம்,
ஆடி வெள்ளி.

அன்பும் பண்பும் படிப்பும் நிறைந்த மைத்துனர் ஆனந்தன் அவர்களுக்கு, தங்கள் அக்காள் அம்சாவின் கணவனும் டூரிஸ்ட் வேன் உரிமையாளருமாகிய சுப்பிரமணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் வேனும் நலம். தங்கள் அக்காள் முக்கால் நலம். தாங்கள் அக்காளுக்குக் கொடுத்த கிட்னி முழு நலம். அவ்விடம் நாவலூரில் தாங்களும், தங்கள் மனைவி பூங்கொடியும், தங்களிடம் மீதி இருக்கிற ஒரு கிட்னியும் சௌக்கியமாக இருக்க கங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்ஸப்பில் ஒற்றை டிக்குக்கு மேல் விழுவதில்லை. அக்காளைத் தனியே விட்டு என்னால் நகரவும் முடியாது. ஆகவே இந்தக் கடிதம். நான் கடைசியாக ஒரு முழுக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால் உன் அக்காளுக்குத்தான். அதை வழியிலேயே பிரித்துப் படித்து உங்கப்பாவிடம் போட்டுக்கொடுத்தவன் நீ. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்காவுக்குக் கொரோனா என்று சொன்னதும் நீ போனில், "என் கிட்னிய ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, நீயெல்லாம் இன்னா மனுஷன் மாமா?" என்று கத்தினாயே, அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் மொத்தத்தையும் கேட்டாள். "அவன் கிட்னியாமா? அறுத்து எடுத்துகினு போகச் சொல்லு"ன்னு சொல்லிட்டு செவுத்து பக்கம் திரும்பிப் படுத்துகினா. அன்னிலேர்ந்து உன் பேரை எடுக்கறதில்ல. உனக்கே தெரியும், ஆபரேஷன் ஆன நாளா அவ அந்தக் கிட்னிக்கு உன் பேரு தான் வச்சிருந்தா. தாகம் எடுத்தா "ஆனந்து தண்ணி கேக்குறான்"னுவா. உப்பு தூக்கலா போட்டா "ஆனந்துக்கு ஆவாது"ன்னு தட்ட தள்ளி வைப்பா. இப்ப "அது தண்ணி கேக்குது"ன்றா. அந்த "அது"வைக் கேட்டாலே நான் எழுந்து வேனைத் தொடைக்கப் போயிடறேன் மச்சான்.

நான் கொண்டாந்து தான் அவளுக்கு வந்துச்சுன்னு நீ சொன்னியே, அதுக்கு என் பக்கத்தையும் கேட்டுக்க. செய்யூர்ல எங்க ஊரு எல்லையம்மனுக்கு ஆடிக் கூழு ஊத்துனாங்க. போகாம இருக்க முடியுமா? போனேன். பாதி ஊரு இருமிகினு இருந்துச்சு. நான் இன்னா நெனைச்சேன்னா, எனக்குத் தான் அந்த லாக்டவுன் சமயத்துலயே வந்துட்டுப் போச்சே, இனிமே இன்னா? நம்ம ஊர்ல அம்மை போட்டா இன்னா பண்றோம்? முன்ன அம்மை போட்டவன் தான் கிட்ட போய் பாத்துப்பான், அவனுக்கு மறுபடி வராது. அந்தக் கணக்குல தான் நானே அண்டாகிட்ட நின்னுகினு, இருமறவன் ஒவ்வொருத்தனுக்கும் என் கையால கூழு ஊத்துனேன். "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆவாது, வந்து வாங்குங்கடா"ன்னு வேற சவுண்டு வுட்டேன். வூட்டுக்கு வந்தா தொண்டை லேசா கரகரன்னுச்சு. கூழுல போட்ட பச்ச வெங்காயம்னு நெனைச்சேன். ரெண்டு நாள்ல எனக்கு சரியாப் போச்சு, அம்சா படுத்துட்டா. வேன் ஸ்டாண்டுல சொன்னா, "இன்னா அண்ணாத்த, இன்னுமா கொரோனா? அதெல்லாம் பழைய படமாச்சே"ன்னு சிரிக்கறானுங்க.

கிட்னி டாக்டரம்மா பிரதீபா இருக்காங்களே, அவங்க என்னைத் திட்டல. திட்டியிருந்தா கூட தேவலாம், உக்கார வச்சு பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க. எனக்குப் புரிஞ்ச மாதிரி உனக்கு எழுதறேன். நம்ம வேன் ஸ்டாண்டுக்குள்ள வெளி வண்டி ஒண்ணு பூந்து சவாரி ஏத்துனா இன்னா ஆவும்? கிட்ட நிக்கிற பசங்க நம்பரு, பேரு ஒண்ணும் பாக்க மாட்டானுங்க, ஓடிப்போய் மறிச்சு சாவிய புடுங்குவானுங்க. அந்தக் களேபரம் தான் ஜுரம், ஒடம்பு வலி எல்லாம். ஜுரத்தை கொரோனா மூட்டை கட்டிகினு வரல, நம்ம ஆளுங்களே ஏத்தி வுடறது. அப்பால தான் நெதானமா சங்கத்து ஆளுங்க வருவாங்க. வண்டிய நல்லா அடையாளம் பாத்து, அதுக்குன்னே பூட்டு அடிச்சு சக்கரத்துல மாட்டுவாங்க. அந்தப் பூட்டு தான் ஆன்டிபாடி. இன்னொரு கோஷ்டி, அந்த வண்டி பூந்த ஷெட்டா, அதாவது கிருமி பூந்த செல்லா தேடிப் புடிச்சு இடிச்சுட்டு வரும். சண்டை முடிஞ்சா எல்லாரும் கலைஞ்சிடுவாங்க. ஆனா அந்த வண்டி மூஞ்சிய ஞாபகம் வச்சுகினு ரெண்டு பெருசு மட்டும் ஸ்டாண்டுலயே குந்திகினு இருக்கும். "அப்ப எனக்கு மறுபடி எப்படி வந்துச்சு மேடம்?"னு கேட்டேன். பூட்டுங்க நாளாக ஆக துருப்புடிச்சுக் கொட்டிப்போவுமாம், இந்தக் கொரோனாக்காரனும் வருஷா வருஷம் பெயிண்டு மாத்திகினு வருவானாம். அம்மை அப்படி வேஷம் மாத்தாது. பெருசுங்க அடையாளம் கண்டு ஆள கூட்டறதுக்குள்ள இவன் மூக்கு, தொண்டை வரைக்கும் வந்து அடுத்த வூட்டுக்கும் தாவிடுவான். எனக்கு லேசா போனதுக்குக் காரணம் அந்தப் பெருசுங்க. அவளுக்கு வந்ததுக்குக் காரணம் நான். டாக்டரம்மா அப்படி சொல்லல, நானே சொல்லிகினேன்.

இப்ப கோச்சிக்காம கேளு. உன் கிட்னியும் வெளி வண்டி தான் மச்சான். ஒரே வயித்துல பொறந்திருந்தாலும், எத்தன வருஷம் உள்ள ஓடுனாலும், அக்கா ஒடம்புக்கு அது வெளி வண்டியாம். தெனம் ரெண்டு வேள மாத்திரை போட்டு ஸ்டாண்டு பசங்களை அரைத் தூக்கத்துல வச்சுகினு தான் அது ஓடுது. அந்தத் தூக்கத்துல தான் கொரோனா பூந்துடுச்சு. தடுப்பூசி போட்டிருந்தோம், ஆனா தூங்கறவனுக்குப் பாடம் எடுத்தா பாதி தானே ஏறும். அவளுக்கு ஜுரம் கூட பெருசா அடிக்கல, ஒடம்பு கதகதன்னு இருந்துச்சு, அவ்ளோ தான். நான் சந்தோஷப்பட்டேன். டாக்டரம்மா மூஞ்சி சுருங்குச்சு. பசங்களை எழுப்பினா தான் கொரோனாவ அடிப்பானுங்க. ஒரேடியா எழுப்பினா கண்ண கசக்கிகினே உன் கிட்னியையும் அடிப்பானுங்க, வெறி புடிச்சா நுரையீரலையும் சேத்து ஒடைப்பானுங்க. எழுப்பலனா கொரோனா ஜெயிச்சுடும். கடைசில ஒரு மாத்திரைய மட்டும் நிறுத்தி, பசங்களை முக்கால் முழிப்புல வச்சாங்க. அந்த நாளெல்லாம் நான் சோறு துன்னேனா, வேற எதாவது துன்னேனான்னு எனக்கே தெரியல.

இந்த பேஜாருல எதிர் வூட்டு சந்திரம்மா வேற. தங்கமான மனுஷி, தப்பா சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரிலேர்ந்து நாங்க திரும்பி வர்றோம், வாசல்ல கொத்துக் கொத்தா வேப்பிலை கட்டிகீது. பால்காரர் அதைப் பாத்துட்டு கன்னத்துல போட்டுகினு, செருப்ப கழட்டி கும்புட்டுட்டு, பால் ஊத்தாம போயிட்டாரு. அதோட வுட்டாங்களா? காலைல ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, கஷாயம் வந்துகினே கீது. "எதிர்ப்பு சக்தி ஏறணும்பா, பொண்ணு துரும்பா எளைச்சுட்டா"ன்றாங்க. டாக்டரம்மாவோ எந்தக் கஷாயமும் உள்ள போவக் கூடாது, மாத்திரை வேலைய கெடுத்துடும்னு அடிச்சு சொல்லிட்டாங்க. சந்திரம்மா சும்மா குடுத்துட்டுப் போற ஆளும் இல்ல, காலி சொம்ப வாங்கிகினு தான் போவாங்க. கீழ ஊத்தவும் மனசு வரல. அத்தனையும் நான் தான் குடிக்கிறேன். நாக்கு செத்துப் போச்சு, நாஸ்தாவுக்கு இட்லி வச்சா கூட வேப்பங்காயா கசக்குது. ஒரு நாளு முடியாம, "இல்லம்மா, எங்க வூட்ல எதிர்ப்பு சக்தி கம்மியா தான் இருக்கணும்"னு உண்மைய சொல்லிட்டேன். பாவம், பொண்டாட்டி படுத்ததுல இவனுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சுன்னு தெரு முழுக்க பேச்சு. மறுநாள்லேர்ந்து எனக்குன்னு தனியா ஒரு சொம்பு வருது.

சரி, சுத்தி வளைச்சது போதும். மேல ஆரம்பத்துல உன் கிட்னி முழு நலம்னு எழுதுனேனே, அது மரியாதைக்கு எழுதுனது. கொரோனா போயிடுச்சு, இருமல் இல்ல, மூச்சும் நல்லா கீது. ஆனா அந்த மாத்திரைய நிறுத்தி வச்ச நாள்ல கிட்னி நம்பரு, அதான் ரத்தத்துல பாக்கற கிரியேட்டினின், ஏறிடுச்சு; ஏறுனா கிட்னிக்கு ஆபத்து. பசங்க அதுமேல கை வச்சுட்டானுங்களோன்னு டாக்டரம்மாவுக்கே சந்தேகம். மாத்திரைய திரும்ப ஆரம்பிச்சு, இன்னிக்கு காலைல ரத்தம் எடுத்துகினு போயிருக்காங்க. சாயங்காலம் சொல்றேன்னாங்க. அது வர்ற வரைக்கும் கையும் ஓடல, காலும் ஓடல, அதான் எழுதிகினே கீறேன். நீ அத்தனை பேரு தடுத்தும் கேக்காம ஆபரேஷன் மேஜையில போய் படுத்தவன். அதுக்கு எதாவது ஆச்சுன்னா உன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?

அக்காகிட்ட நான் நம்பரு பத்தி பேசறதில்ல, அவளும் கேக்கறதில்ல. மாத்திரை மட்டும் நேரம் தவறாம போடறா. போடும்போது எப்பவும் போல வாய்க்குள்ள எதையோ முணுமுணுக்கறா, கங்கையம்மன் ஸ்லோகமா இருக்கும். நீ கத்துன அன்னிக்கு கூட அந்த முணுமுணுப்பு நிக்கல.

ஆகவே தாங்கள் இப்போதைக்கு இங்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்களிடம் இருப்பது ஒரே கிட்னி, ஊரிலோ இன்னும் இருமல். மேலும் அக்காள் தங்களைப் பார்க்க விரும்பவில்லை என்பது என் கருத்து. இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. பூங்கொடிக்கு என் அன்பைச் சொல்லவும். எல்லையம்மனும் கங்கையம்மனும் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
சுப்பிரமணி.

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதுனதை மொத்தமா அடிச்சுடு. கவர் ஒட்ட சோத்துப் பருக்கை எடுக்கலாம்னு உள்ள போனேன், அதுக்குள்ள உங்கக்கா எழுந்து வந்து எல்லாத்தையும் படிச்சுட்டா. "வராதேன்னு சொல்லவா இவ்ளோ பெரிய கடுதாசி? நான் பாக்க மாட்டேன்னு உன்கிட்ட யாரு சொன்னா?"ன்னு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கறா. அப்ப தான் டாக்டரம்மா போன் வந்துச்சு. நம்பரு எறங்கிடுச்சு. பழைய எடத்துக்கே வந்துடுச்சு. நான் அப்படியே தரையில குந்தி அழுதுட்டேன், இதுல வெக்கம் இன்னா கீது? அவ அழல. மாத்திரைய எடுத்தா, வழக்கம்போல முணுமுணுத்தா. நான் கால்கிட்ட குந்தியிருந்ததால இன்னிக்கு தான் காதுல வுழுந்துச்சு. ஸ்லோகமும் இல்ல ஒண்ணும் இல்ல. "அவன் என் தம்பி, கை வைக்காதே"ன்றா. அவ ஒடம்புகிட்ட சொல்றா மச்சான். தெனம் ரெண்டு வேளையும் இதைத்தான் சொல்லிகினு கீறா. இனி வர்றது அவ சொல்ல சொல்ல நான் எழுதறது: "ஆனந்து, குடுத்ததை திருப்பித் தர மாட்டேன். வேணும்னா வந்து பாத்துட்டுப் போ."