நெடுங்கயலன் என்றொரு மன்னன் இல்லை

சிலருக்குக் கண்டவரிடமெல்லாம் கைமருந்து சொல்லும் வியாதி இருக்கும். எனக்கு இருந்தது புத்தகம் சொல்லும் வியாதி. தலையிடி என்று வந்தவருக்குக்கூட ஒரு நாவலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பட்டப்படிப்பை முடித்துவிட்டு மட்டக்களப்பு நகரில் வீட்டோடு இருந்த காலம் அது. வேலை கிடைக்கவில்லை, அபிப்பிராயங்களுக்கு மட்டும் குறைவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் தேத்தண்ணியைச் சுடச்சுடக் குடித்துவிட்டு எழும்பிவிடுவார்கள். (ஆறவிட்டால் புத்தகம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.)

எழும்பாமல் இருந்த ஒரே மனிதர் சிவலிங்க மாமா. அம்மாவின் தம்பி. வாவிக்கு அந்தப்புறம், படுவான்கரையில் வயல் செய்பவர். அந்த முறை பிரதேச சபைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கத் துணிந்திருந்தார். காரணம் ஒரு வாய்க்கால். தூர்ந்துபோன அதைத் திருத்தச் சொல்லி அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர், தானே சபைக்குப் போவதுதான் சுலபம் என்று கடைசியில் முடிவெடுத்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், மாமாவுக்கு மேடையில் பேச வராது. ஏறினால் "வாய்க்கால் வெட்டணும்" என்பார். கொஞ்சம் யோசித்து, "கட்டாயம் வெட்டணும்" என்பார். இறங்கிவிடுவார்.

"மேடையில கதைக்கிறதுக்கு ஏதும் புத்தகம் இரிக்கா புள்ள?" என்று அவர் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என்னிடம் ஒருவர் தாமாகப் புத்தகம் கேட்பது அதுதான் முதல் தடவை.

நாலு புத்தகங்களை எடுத்தேன். வரலாறு தெரியாதவர் வாக்குக் கேட்கக்கூடாது என்பதால் ஒரு வரலாற்று நூல். அதிகாரம் எப்படிக் கைமாறுகிறது என்று விளக்கும் அரசியல் நூல் ஒன்று. அதை நானே பாதியில் விட்டிருந்தேன், ஆனால் அந்தப் பாதி பிரமாதம். கிருமிகளைப் பற்றிய அறிவியல் நூல். (வாய்க்காலுக்கும் கிருமிக்கும் சம்பந்தம் இல்லையென்று யார் சொன்னது?) கடைசியாக, நான் திரும்பத் திரும்ப வாசித்து உருகிய ஒரு மாயாஜால நாவல். அரசியலுக்கு வருபவருக்குக் கற்பனை அவசியம் என்று நான் உறுதியாக நம்பினேன். கற்பனை குறைந்த அரசியல்வாதி ஒருவரையும் அதுவரை கண்டதில்லை என்பது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

என் புத்தகங்களுக்கெல்லாம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைப் போல, பழுப்புத்தாளில் உறை போட்டு வைத்திருப்பேன். மேலே பெயர் எழுதுவதில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

தேர்தல் நெருங்கிவிட்டது, எல்லாவற்றையும் வாசிக்க நேரமில்லை, எதை முதலில் பார்ப்பது என்று மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்துகொண்டு மாமா கேட்டார். ஒரு பேராசிரியரின் தோரணையில் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன்: "மொத்தமானத முதல்ல வாசிங்க மாமா. அதுதான் வரலாறு."

வரலாறு மொத்தமான, தடித்த புத்தகம்தான். மாயாஜாலம் அதைவிட ஒரு விரல் மொத்தம் என்பதை நான் யோசிக்கவில்லை.

போதாததற்கு, அந்த நாவலின் முதல் தாள்கள் இரவல் போய்ப் போய்க் கிழிந்துவிட்டிருந்தன. மிச்சம் தொடங்குவதே ஒரு வம்சாவளி அட்டவணையோடும், ஆறுகளும் கோட்டைகளும் குறித்த ஒரு வரைபடத்தோடும்தான். என் வரலாற்று நூலில் இவை இரண்டும் இல்லை. மாமாவுக்குச் சந்தேகம் வர என்ன நியாயம்?

கூட்டம் ஊர்ச் சந்தியில் நடந்தது. முன்வரிசையில், பிளாஸ்டிக் கதிரையில், நேராக நிமிர்ந்து இருந்தேன். மாமா ஒலிவாங்கியைப் பிடித்தார். வழக்கம்போல் வாய்க்காலில் தொடங்கவில்லை. இந்த நீர்க்கரையை முன்னொரு காலத்தில் நெடுங்கயலன் என்றொரு மன்னன் ஆண்டான் என்று தொடங்கினார். எனக்கு அந்தப் பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. அவன் மீனவரிடம் வரி வாங்காதவன் என்றார். ஒரே போகத்துக்குள் ஏழு வாய்க்கால் வெட்டியவன் என்றார். ஏழாவது வாய்க்காலில் எனக்கு வியர்த்தது. அந்த வாய்க்காலை நான் அறிவேன். மன்னன் அதில்தான் தன் நிழலை ஒரு சூனியக்காரியிடம் விற்பான்.

மாமா நிழல் விஷயத்துக்குப் போகவில்லை. "அரசன் வெட்டின வாய்க்காலத் தூர்ந்துபோக விட்டது ஆரு?" என்று கேட்டார். சனம் கைதட்டியது. மாமாவுக்கு யாரும் கைதட்டி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"நல்ல புத்தகம் புள்ள. பறவையளக் கொண்டு கல்லுத் தூக்கினதெண்டு ஒரு இடத்தில எழுதியிரிக்கு. அந்தக் காலத்து ஆக்கள் கூட்டித்தான் எழுதுவாங்க. சனம் நம்பாதெண்டு அத நான் விட்டுட்டன்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருடைய முகத்தைப் பார்த்தேன், மனம் வரவில்லை. ஒரு கூட்டம்தானே, நாளைக்குச் சனம் மறந்துவிடும் என்று என்னையே தேற்றிக்கொண்டு வீடு திரும்பினேன்.

சனம் மறந்திருக்கும். தம்பிராசா மறக்க விடவில்லை. தம்பிராசா என்பவர் மாமாவை எதிர்த்து நின்றவர். மாமா பேச மறந்த இடங்களிலெல்லாம் பேசி வளர்ந்தவர். தன் கூட்டத்தில் அவர் ஏறி, நெடுங்கயலனைப் பற்றிச் சிவலிங்கம் சொன்னதெல்லாம் சரி, ஒன்றை மட்டும் மறைத்துவிட்டார் என்றார். அந்த மன்னன் தன்னுடைய தாய்வழிக் குடியைச் சேர்ந்தவன் என்றும், தன் பூட்டனார் அவனுடைய வாளைக் கண்ணால் கண்டவர் என்றும் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் தாய்வழியாக வரும் குடி என்பது விளையாட்டல்ல; கோயிலிலும் கலியாணத்திலும் முதல் மரியாதை யாருக்கு என்பதே அதை வைத்துத்தான். மறுநாள் காலை மாமாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. அரசன் எந்தக் குடி என்று புத்தகத்தில் எங்கே இருக்கிறது, அட்டவணையில் தேடித் தேடிக் களைத்துவிட்டேன் என்றார். இனித் தப்ப வழியில்லை. பஸ் ஏறிப் படுவான்கரைக்குப் போனேன்.

மாமி கைகழுவிக்கொண்டிருந்தார். (கிருமிப் புத்தகத்தை அவர் வாசித்து முடித்திருந்தார். வாக்குக் கேட்டு ஒவ்வொரு வீடாகப் போகும்போதும் மாமாவின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வைத்தாராம். நான் கொடுத்ததில் உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.) நான் மாமாவின் முன் நின்று, அது வரலாறு இல்லை, கதை என்றேன். அப்படி ஓர் அரசன் இல்லை என்றேன். மாமா மடியிலிருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அப்ப வாய்க்கால்?"

"அதுவும் இல்ல மாமா."

மாமி சிரிக்கத் தொடங்கினார். கடல் எழும்பி நின்று கதைத்தது என்று நீங்கள் வாசித்துக் காட்டியபோதே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது என்றார். மாமா சிரிக்கவில்லை. சனத்திடம் சொல்லத்தான் வேண்டும் என்றார். எனக்காகவாவது பேசாமல் விடும்படி கெஞ்சினேன். கேட்கவில்லை.

கடைசிக் கூட்டத்தில் அவர் எழும்பி, நெடுங்கயலன் என்றொரு மன்னன் இல்லை, தனக்குத் தவறிப்போய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. நான் முன்வரிசையில் கதிரையோடு கதிரையாக ஒடுங்கிக்கொண்டு, சனம் சிரிக்கப்போகிறது என்று காத்திருந்தேன்.

சனம் சிரிக்கவில்லை. கோபப்பட்டது.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழும்பினார். "என்ன கா சொல்றீங்க? அரசன் இல்லையா? எங்கட அப்பாவே அவரப் பத்திச் சொல்லியிரிக்கார்" என்றார். மேலிடத்திலிருந்து மாமாவை மிரட்டி அரசனை மறுக்க வைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு எழும்பியது. விலை போய்விட்டார் என்று இன்னொரு பேச்சு. அவ்வளவு கரிசனையோடு அந்த ஊர் தன் வரலாற்றைப் பாதுகாத்ததை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

மாமா தோற்றார். அரசனைக் கடைசிவரை கைவிடாத தம்பிராசா வென்றார்.

நான் ஒரு கிழமை முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. மாமாவே வீட்டுக்கு வந்து என்னைத் தேற்றவேண்டியதாயிற்று. ஆனால் பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஏழு வாய்க்கால் வெட்டிய மன்னனின் குடி என்று சொல்லிச் சபைக்குப் போனவரால் ஒரு வாய்க்காலையாவது வெட்டாமல் இருக்க முடியவில்லை. போகிற இடமெல்லாம், "மன்னர் எப்ப வெட்டுறார்?" என்று சனம் கேட்டது. கேள்வி தாங்காமல் தம்பிராசா அலைந்து திரிந்து அந்தத் தூர்ந்த வாய்க்காலைத் திருத்திக் கொடுத்தார். மாமாவின் வயலுக்குத் தண்ணீர் வந்தது. அந்த ஊரில் இப்போது நெடுங்கயலன் விளையாட்டுக் கழகம் என்று ஒன்றும் இருக்கிறது. கரப்பந்தாட்டத்தில் அவர்களை வெல்வது கஷ்டம்.

பிற்காலத்தில் என் கலியாணம் நடந்தபோது தம்பிராசா பட்டு வேட்டியோடு வந்து முன்வரிசையில் அமர்ந்தார். வெற்றிலைத் தட்டம் கலியாணச் சபைக்கு வந்தது. முதல் மரியாதை அரச குடிக்குத்தான் வரவேண்டும் என்று அவர் கையை நீட்டினார். அது பகிடியா நிசமா என்று யாருக்கும் விளங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எந்த அரசன் என்று விசாரித்தார்கள். மணவறையில் தலை குனிந்திருந்தேன். வெட்கத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் புத்தகம் கொடுத்த கதையை மாமி என் மாமியாருக்கு விளக்கி முடிக்கும்வரை தாலிகட்டு நின்றது. என் கணவர் வீட்டில் இன்றுவரை என்னை யாரும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவதில்லை. "அரசனைப் பெத்த மருமகள்" என்றுதான் சொல்வார்கள்.

அன்றைக்குச் சபையில் அந்தத் தட்டத்தை எடுத்துத் தம்பிராசாவிடம் நீட்டியவர் சிவலிங்க மாமாதான்.

"முதல் வெத்திலைய அவருக்கே குடுங்க," என்றார். "அரசன் அவர்ர. புத்தகம் நம்மட."