சகலைக்குப் போட்டியாக ஒரு மலையேற்றம்

அண்ணன் தம்பி மேல் வரும் பொறாமைக்கு ஒரு எல்லை உண்டு. கூடப் பிறந்த பாவத்துக்கு மன்னித்துவிடலாம். சகலை மேல் வரும் பொறாமைக்கு எல்லையே கிடையாது. ஒரே மாமியார் வீடு, ஒரே பந்தி, இரண்டு மாப்பிள்ளைகள். யாருக்கு முதலில் இலை விழுகிறது என்று ஓரக்கண்ணால் பார்க்காத மருமகன் மதுரைப் பக்கம் யாராவது இருந்தால் என் கடைக்கு வாருங்கள், டீ வாங்கித் தருகிறேன்.

என் சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். எனக்கு வண்டியூரில் டைல்ஸ் கடை. அதுகூடப் பரவாயில்லை. மனுஷன் ஒவ்வொரு குளிர்காலமும் தன்னந்தனியாக இமயமலைப் பக்கம் போய், பனிக்கு நடுவே தாடியோடு நின்று போட்டோ அனுப்புவார். திருமங்கலத்தில் இருக்கும் என் மாமியார் அதை வாசலில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டுவார். மூத்த மாப்பிள்ளை ஒத்தையில் போயிருக்கிறாராம். நானும்தான் ஒத்தையில் ஒரு லோடு டைல்ஸ் இறக்கியிருக்கிறேன். (அதை எவன் போட்டோ எடுத்தான்?) வயிற்றெரிச்சல் என்பது வெறும் பேச்சு இல்லை. டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடும் அளவுக்கு எனக்கு நிஜமாகவே எரிந்தது. ஒரே ஒரு தடவை, என் மாமியார் என்னைப் பற்றியும் நாலு பேரிடம் அப்படிப் பேசிவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

அந்தக் கார்த்திகையில் முடிவெடுத்தேன், மார்கழி பிறந்ததும் நானும் தனியாக மலையேறுவதென்று. இமயமலைக்குப் போக வசதியில்லை. அழகர்கோவிலுக்கு டவுன் பஸ் இருக்கிறது. கீழே நின்று மேல்நோக்கிப் போட்டோ எடுத்தால் எல்லா மலையும் மலைதானே? சகலை மாதிரியே தாடி வளர்த்தேன். அவர் போடுவது போலவே கறுப்பு ஜெர்கினும் கறுப்புப் பேன்ட்டும் வாங்கினேன். கல்யாணமான புதிதில் வாங்கிப் பரணில் போட்டிருந்த ஷூவைத் தூசி தட்டி எடுத்தேன்.

அழகர்கோவிலில் இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் மேலே கொண்டுபோய் விடவா என்று கேட்டார். நடந்துதான் போகிறேன், அதுவும் தனியாக என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்ல எதும் பிரச்சினையாண்ணே?"

பாதி மலை ஏறியிருப்பேன், வலது ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. கொஞ்ச தூரத்தில் இடதும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். மதுரையில் மார்கழி என்பது விடியற்காலையோடு சரி. வெயில் ஏறிவிட்டால் சித்திரைதான். கல்லும் முள்ளும் போதாதென்று தார் ரோடும் காலைப் பதம் பார்த்தது.

அப்போதுதான் கவனித்தேன், எதிரே வருகிறவர்களெல்லாம் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். "சாமி சரணம்" என்கிறார்கள். கொய்யாக்காய் விற்ற அம்மா காசு வாங்க மாட்டேன் என்றார். எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கறுப்பு உடை, தாடி, வெறுங்கால், முதுகில் பை. மார்கழி மாதத்தில் இப்படி ஒருவன் மலையில் நடந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவன் என்றுதானே நினைப்பார்கள்? சரி, கிடைத்த மரியாதையை ஏன் கெடுக்க வேண்டும் என்று நானும் கையைத் தூக்கி ஆசீர்வதித்துக்கொண்டே போனேன்.

சோலைமலை முருகன் கோயில் வாசலில் ஒரு வேன் நின்றது. அதிலிருந்து இறங்கிய திருமங்கலத்துத் தெருப் பெண்கள் கூட்டத்தின் நடுவில் என் மாமியார்.

"மாலை போட்ருக்கீகளா மாப்ள? ஒரு வார்த்த சொல்லலையே."

இல்லை அத்தை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். அதற்குள் அவர் தெருப் பெண்களிடம் திரும்பி, "இவருதான் எங்க சின்ன மாப்ள" என்றார். அந்தக் குரல் இருக்கிறதே, அத்தனை வருஷமாக மூத்த மாப்பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்த குரல் அது. அடுத்த நொடி என் புண்ணாய்ப்போன காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் "சாமி சரணம்" என்றேன்.

தெருவே வரிசையில் வந்து விழுந்தது. ஜெர்கினைக் கழற்றினால் கழுத்தில் மாலை இல்லாதது தெரிந்துவிடும். எனவே ஜிப்பைத் தாடை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு உச்சி வெயிலில் வெந்தேன். சளி என்று சொல்லிவைத்தேன். உடனே ஒரு பெரியம்மா பையிலிருந்து தைலத்தை எடுத்து நெற்றியில் அப்பிவிட்டார்.

மாமியார் அதோடு விடவில்லை. பெங்களூருக்கு வீடியோ காலும் போட்டுவிட்டார். திரையில் சகலை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் குவித்தார். பனிமலை ஏறிய கை என்னைக் கும்பிட்டது. தைலம் கண்ணில் இறங்கி எரிந்தபோதும் அது என் வாழ்க்கையின் மிக இனிப்பான நிமிஷம்.

"இந்த வருசம் நானும் மாலை போட்டு ஒங்க கூடவே வாரேன் சகல," என்றார். இனிப்பு அங்கேயே கசந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கம்மா ஒங்க கால்ல விழுந்துருக்காக. காலைல மொத வேலையா கோயிலுக்குப் போயி மாலையப் போடுங்க."

போட்டேன். பச்சைத் தண்ணீர்க் குளியல், பாய்ப் படுக்கை, கறி மீன் வாசமே இல்லாத ஒரு மாதம். விரதத்தைக்கூடத் தாங்கிவிட்டேன். ஆனால் வெறுங்காலோடு திரிந்ததில் அழகர்மலைப் புண் ஆறவேயில்லை. பம்பையில் இறங்கியபோது பாதம் வீங்கிப்போய்த் தரையில் ஊன்ற முடியவில்லை. கடைசியில் டோலி பிடித்தார்கள். நாற்காலியில் என்னை உட்காரவைத்து, நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பக்கத்தில் சகலை, வெறுங்காலோடு, மூச்சுக்கூட வாங்காமல், சரணம் சொல்லிக்கொண்டே நடந்தார். நடுவழியில் போட்டோவும் எடுத்தார். என் மலையேற்றத்துக்கென்று மிஞ்சிய உருப்படியான ஒரே போட்டோ அதுதான்.

தனியாக மலையேறப் புறப்பட்டவன் நாலு பேர் தோளில் ஏறிப் போன கதை எங்கள் வீட்டுக் கல்யாணம் காட்சி ஒன்றுவிடாமல் சொல்லப்படுகிறது. இப்போதெல்லாம் பண்டிகைக்குத் திருமங்கலத்தில் மாமியார் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே சகலையின் மகள் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள், டோலி சாமி சித்தப்பா வந்துட்டாரு, நாற்காலி போடுங்க என்று. போன பொங்கலுக்கு அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டவர் சாட்சாத் என் சகலை. உட்கார்ந்தால் மானம் போகும், நின்றால் ரோஷம் என்பார்கள். உட்கார்ந்தேன். மாமியார் சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அது குஷன் வைத்த நாற்காலி.