தாஸ் சாரின் பிதுக்கம்பருப்புப் பயிற்சி

ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். கை அதுபாட்டுக்கு ஓடியது. மனசுதான் ஒரு இடத்தில் நிற்காமல் அலமாரிமேல் இருந்த அட்டைப்பெட்டியையே சுற்றியது. அதற்குள் கட்டைவிரல் அளவு பாலன் இயேசு இருந்தார். கல்யாணத்தின்போது கே.ஜி.எஃப்பிலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பிய, கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற சுரூபம். கண் மட்டும் அழிந்துபோயிருந்தது. வர்ற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கண்ணைத் தானே எழுதி வீடியோ போடப்போவதாக என் வீட்டுக்காரர் வின்சென்ட் சபதம் செய்திருந்தார்.

அவர் பிரஷ் பிடித்தது போன மாதம். பாடம் நடத்த ஆரம்பித்தது போன வாரம். "மினியேச்சர் பெயிண்டிங், பாகம் ஒன்று" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒன்பது நிமிஷம். அதில் ஆறு நிமிஷம் அவர் தலைதான் தெரிந்தது. மீதி மூணு நிமிஷத்தில் ஒரு இடையன் பொம்மைக்குக் கண் எழுதியிருந்தார். ஒரு கண் ஆட்டைப் பார்த்தது. இன்னொரு கண் விவேக் நகர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தது.

"எப்படி இருக்கு? ஓப்பனா சொல்லு."

"நல்லாத்தாங்க இருக்கு. பெயிண்ட்ல ஸ்வல்ப தண்ணி கலந்தா..."

"சாம்பார்ல நீ கலக்குற தண்ணியக் கொறை மொதல்ல."

"இல்லீங்க, கல்யாணத்துக்கு முன்னாடி சுரூபக் கடையில ரெண்டு வருஷம் கண்ணு எழுதினேனே..."

"அது கூலி வேலை லீனா. இது ஆர்ட்."

அதற்குமேல் எனக்கு வாய் வராது. ஆறாவதோடு நின்றவள். புது ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றே பதில் சொல்கிறவள். ஆனால் வீட்டில் பழைய போன் ஒன்று சும்மா கிடந்தது. கைக்குழந்தை மௌரீனைத் தூங்கவைத்துவிட்டு அதில் புதுக் கணக்கு ஆரம்பித்தேன். பேர் கேட்டது. எதிரே தொங்கிய மளிகைப் பையில் 'தாஸ் ஸ்டோர்ஸ்' என்றிருந்தது. தாஸ் என்று போட்டேன்.

அவர் வீடியோவுக்குக் கீழே நாலு வரி எழுத முக்கால் மணி நேரம் ஆனது. "தம்பி, நல்ல குரல். பொறுமையாகப் பேசுகிறீர்கள். பெயிண்டில் தண்ணீர் கலக்கவும். கண்ணுக்கு முதலில் கறுப்பு, பிறகு இரண்டு ஓரமும் வெள்ளை. தலையை நகர்த்தவும்."

சாயங்காலம் வேலை விட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"லீனா, தாஸ்னு ஒரு பெரியவரு. தண்ணி கலக்கச் சொல்றாரு. என்னா ஞானம்."

"நானும் அதைத்தாங்க..."

"சும்னே இரு. அவருக்கு எப்படியும் அறுவது வயசு இருக்கும். எழுத்துலயே தெரியுது."

உடனே தாஸ் சாருக்குக் கேள்வி அனுப்பினார். "சார், ஞாயிறு பாலனுக்குக் கண் எழுதலாமா? கை கொஞ்சம் நடுங்குது." வேண்டாம் என்றால் ரோஷத்திலேயே எழுதிவிடுவார். என்ன சொல்வது? எதிரே மறுநாளைக்கு ஊறவைத்த அவரைக்கொட்டை இருந்தது.

"விரல் நுனிக்குப் பதம் வேண்டும் தம்பி. தினமும் அவரைக்கொட்டை பிதுக்கவும். பருப்பு உடையக்கூடாது."

நாலு நாள் பிதுக்கினார். ஒரு பருப்பு என் நெற்றியில் அடித்தது. ஒன்று மாதா படத்துக்குப் பின்னால் போனது, இன்னும் கிடைக்கவில்லை. நாலு நாளும் பிதுக்கம்பருப்புக் குழம்பு. நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்குங்க கஷ்டம், இப்படிக் குடுங்க."

"தொடாத. இது பயிற்சி. உனக்குப் புரியாது."

சனிக்கிழமையும் கை நடுக்கம் நிற்கவில்லை. தாஸ் சார் மறுபடி எழுதினார். "பேசிக்கொண்டே எழுதினால் யாருக்கும் கை ஆடும். பெரிய மாஸ்டர்கள் பிரஷ்ஷைத் தொடுவதே இல்லை. மனைவி கையில் கொடுத்து, நீங்கள் சொல்லிக்கொடுக்கவும்."

ஞாயிறு பூசை முடிந்து வந்து கேமராவை நிறுத்தினார்.

"நான் சொல்றபடி மட்டும் செய்."

"சரிங்க."

"இப்போ இடது கண்ணு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு கண்ணும் முடிந்துவிட்டது. பாலன் என்னை நேராகப் பார்த்தார்.

"பாத்தியா, சொல்லிக்குடுத்தா உனக்குக்கூட வருது" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் தாஸ் சாரைக் கிறிஸ்துமஸ் பிரியாணிக்குக் கூப்பிட்டுவிட்டார். நான் பதறிப்போய் வேகமாக எழுதினேன். "மன்னிக்கவும், வர முடியாது. கைக்குழந்தை இருக்கிறது." அனுப்பின பிறகுதான் உறைத்தது. அவர் படித்தார். மறுபடியும் படித்தார். மௌரீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"லீனா, அறுவது வயசுல கைக்குழந்தையாம். சாதாரண ஆளில்ல தாஸ் சாரு."

அடுத்த பாடத்துக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்றுதான் யோசிக்கிறேன். தோளுக்குத் துணி துவைப்பது. மணிக்கட்டுக்குச் சப்பாத்தி மாவு.

"லீனா, சீக்கிரம் வா. மௌரீன் ஈரம் பண்ணிட்டா."

"வர்றேங்க." இதுவும் விரலுக்கு நல்ல பயிற்சிதான் என்று தாஸ் சார் மட்டும் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.