உறைய வைக்க ஓர் இடம்

இழுத்த இழுப்பில் குச்சி மட்டும் கையோடு வந்துவிட்டது. திராட்சைச் சாறு பாதி உறைந்தும் பாதி உறையாமலும் அச்சுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"குளிர் பத்தலை," என்றார் அவர். ஃப்ரீசரின் திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டு, பிளாஸ்டிக் அச்சுகளை மறுபடி உள்ளே அடுக்கினார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது குளிர் பத்தாத குறை தீர்ந்திருந்தது. ஓரத்தில் வழிந்த சாறும் சேர்ந்து உறைந்ததில் அச்சுகள் ஃப்ரீசரின் தரையோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன.

"கொஞ்சம் வெந்நீர் ஊத்துங்க. தானா விட்டுரும்," என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வெந்நீர் ஊத்தினா உருகாதா? விவரம் தெரியாம பேசாதே."

விவரம் தெரிந்தவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தார். ஓரமாக விட்டு நெம்பினார். அச்சு லேசாக அசைந்தது. உற்சாகம் வந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஃப்ரீசருக்குள்ளிருந்து 'புஸ்' என்று நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்லை."

ஒன்றுமில்லாமல் இல்லை. உயிர் போய்விட்டது. அந்தத் தெருவிலேயே அதைப் பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் அவருக்கு வேலை. பிணவறை கீழ்த்தளத்தில் இருந்ததால் ஆஸ்பத்திரியில் அவரைக் 'கீழ்த்தளம்' என்றுதான் கூப்பிடுவார்கள். "கீழ்த்தளம் டீ குடிச்சாச்சா?" என்று தூர நின்று விசாரிப்பார்கள். பக்கத்தில் வந்து யாரும் விசாரிப்பதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள்.

போன வருடமும் பிறந்தநாள் வந்தது. மனைவி புது கவுன் தைத்தாள், கேக் செய்தாள், பலூன் கட்டினாள். வகுப்பு முழுவதையும் அழைத்திருந்தார்கள். ஒரு குழந்தைகூட வரவில்லை. மகள் வாசலைப் பார்த்தபடி இருட்டும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து தானே பலூன்களை அவிழ்த்தாள். சில நாள் கழித்து பள்ளிக்கூட வாசலில் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. "பொணத்தைப் புரட்டற கை. அந்த வீட்டுல தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்." அன்று வீட்டுக்கு வந்து அவர் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். மனைவி வந்து குழாயை மூடினாள்.

இந்த வருடம் எல்லாரும் வருகிறார்கள் என்று மகள் சொன்னாள். அவரால் நம்ப முடியவில்லை.

"எப்படிம்மா சம்மதிச்சாங்க?"

"கூப்பிட்டேன். வரேன்னாங்க. குச்சி ஐஸ் குடுக்கறோம்னு சொல்லியிருக்கேன்ப்பா."

"அவ்வளவுதானே, கடையில வாங்கிட்டாப் போச்சு."

"கடை ஐஸ் வேணாம். நீ செஞ்சதுதான் வேணும்."

அதற்காகத்தான் அச்சுகள் வாங்கினார். கழுவிக் கழுவிப் பல வருடம் பயன்படுத்தலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பல வருடம் பிள்ளைகள் வருவார்கள் என்பதைப்போல அது அவர் காதில் விழுந்து, மனசுக்கு இதமாக இருந்தது.

இப்போது ஃப்ரிட்ஜ் செத்துக் கிடந்தது. பனி உருகி அச்சுகள் தானாகவே விட்டுவிட்டன. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவாராம்.

"மேல் வீட்டுல கேக்கலாம்," என்றாள் மனைவி. "நீங்க வராதீங்க. நான் போறேன்."

அவள் சொன்னதில் இருந்த நியாயம் அவருக்குப் புரிந்தது. கொஞ்சம் வலித்தது. மாடிப்படியின் அடியிலேயே நின்றுகொண்டார். மேல் வீட்டம்மா நல்ல மாதிரிதான் பேசினாள். "அதுக்கென்ன, தாராளமா வெச்சுக்கோ," என்று அச்சுகளை வாங்கி உள்ளே வைத்தாள். மனைவி பாதிப் படி இறங்கிவிட்டாள். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆமா, சாறு பிழிஞ்சது யாரு?"

மனைவிக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. தையல்காரி, அளவு தப்பினால் தூக்கம் வராதவள். "அவர்தான்," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அச்சுகள் மாடிப்படியின் கைப்பிடிச் சுவர்மேல் வெயிலில் வரிசையாக நின்றன. எறும்புகளுக்கு அன்றைக்கு நல்ல விருந்து.

அடுத்து, அச்சுகளைப் பையில் போட்டுக்கொண்டு இறைச்சிக் கடைக்குப் போனார். அங்கே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு ஃப்ரீசர் இருந்தது. கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார், யோசித்தார், தலையை ஆட்டினார்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணே. நீங்க வெச்சுட்டுப் போனது வாடிக்கைக்குத் தெரிஞ்சா என் பொழப்பு போயிரும்."

"நீயும் செத்ததைத்தானேப்பா நாள் பூரா வெட்டறே."

"அது வேற அண்ணே. இது செத்தா விலை கூடும்."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகள் அறைக்குள் உட்கார்ந்து நாற்காலிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதைப் பார்த்த பிறகு அவர் கொஞ்சநஞ்சம் வைத்திருந்த புத்தியையும் இழந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிணவறைக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. காலையில் அச்சுகளைக் கழுவி, புதிதாகச் சாறு ஊற்றி, பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள் மனைவி.

"கேன்டீன்ல வெச்சு எடுத்துட்டு வரேன்."

கேன்டீன்காரர் அவருக்கு டீயைக்கூட ஜன்னல் வழியாகத்தான் கொடுப்பார். அது மனைவிக்குத் தெரியாது.

பிணவறையில் மற்ற பெட்டிகள் சும்மா குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான். கடைசிப் பெட்டி ஒன்றுதான் உறைய வைக்கும். கேட்க ஆளில்லாமல் நெடுநாள் காத்திருக்க வேண்டியவர்களுக்காக அது. அந்த வாரம் காலியாக இருந்தது. அவர் அதைப் பினாயில் போட்டுக் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். புது பிளாஸ்டிக் விரிப்பு விரித்தார். தன் வீட்டு அடுப்படியைக்கூட அவர் அப்படிச் சுத்தம் செய்ததில்லை. பிறகு அச்சுகளை நிமிர்த்தி வைத்துப் பெட்டியை மெல்ல உள்ளே தள்ளினார்.

மதியம், உறைந்துவிட்டதா என்று இழுத்துப் பார்த்து மறுபடி தள்ளிவிட்டுத் திரும்பினால், வாசலில் தள்ளுவண்டி நின்றது.

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்த இடத்திலேயே இறந்துபோன ஒரு பெரியவர். சட்டைப் பையில் ஒரு சீப்பு மட்டும் இருந்ததாம். கூடவே வந்த பெரிய டாக்டரம்மா, "ஆள் அடையாளம் தெரியற வரைக்கும் கடைசிப் பெட்டியில வைங்க," என்றார்.

"அது ரிப்பேர் மேடம்," என்றது அவர் வாய். அவரைக் கேட்காமலேயே சொல்லிவிட்டது.

"ரிப்பேரா? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு."

"இன்னைக்குக் காலையில மேடம். புஸ்ஸுன்னு ஒரு சத்தம்."

டாக்டரம்மா உடனே போனை எடுத்து ஆஸ்பத்திரி மெக்கானிக்கை அழைத்தார். ஓட்டைக் குழாய்க்கு மாதக்கணக்கில் வராத மெக்கானிக், அன்றைக்குப் பார்த்து, பக்கத்து வார்டிலிருந்து பறந்து வந்தார். அதுவரை பெரியவர் வெளியே வண்டியில் கிடந்தார். மின்விசிறிகூட இல்லாத நடை. கீழ்த்தளம் அவர்மேல் போர்த்தியிருந்த துணியைச் சரிசெய்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க பெரியவரே," என்றார் மெதுவாக. இறந்தவர்களிடம் பேசுவது அவர் வழக்கம். மற்றவர்களைவிட அவர்கள் பக்கத்தில் இருந்து கேட்பார்கள். ஆனால் இன்றைக்குத்தான் முதல்முறையாக அவர்களில் ஒருவரிடம் வெட்கப்பட்டார்.

மெக்கானிக் பெட்டியை இழுத்தார். வெள்ளைப் புகை விலகியது. உள்ளே சிவப்பாக ஏதோ வரிசையாக நின்றது. மெக்கானிக் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"என்னங்க இது?"

"சாம்பிள்."

"எதோட சாம்பிள்?"

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. "ரத்தம்," என்றார்.

டாக்டரம்மா நிதானமாக வந்து ஒன்றைக் கையில் எடுத்தார். பச்சை நிறக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். ஐஸ் முழுசாக, பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. அவ்வளவு அழகாக அது இதுவரை வந்ததே இல்லை. அந்த நேரத்திலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"எந்த லேப்புல இப்போ குச்சி சொருகி ரத்தம் எடுக்கறாங்க?"

அவர் உள்ளதைச் சொன்னார். ஃப்ரிட்ஜ், மேல் வீடு, கறிக்கடை, போன வருடத்து நாற்காலி எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே நின்றார். கையிலிருந்த ஐஸ் சொட்ட ஆரம்பித்தது.

"எடுத்துட்டுப் போங்க. முதல்ல பெரியவரை உள்ள வைங்க. நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வாங்க, மெமோ வாங்கிக்க." வாசல்வரை போய்த் திரும்பினார். "பிள்ளைங்களுக்கு இதையா குடுக்கப் போறீங்க?"

அவர் பெரியவரைத் தூக்கி வைத்து, சீப்பை அவர் பக்கத்திலேயே வைத்து, பெட்டியை மூடினார்.

வேலை முடிந்ததும் பையோடு ஆஸ்பத்திரியின் பின்சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். ஐஸ் கெட்டியாக இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்த டாக்டரம்மாவும் மெக்கானிக்கும் பிறந்தநாளுக்கு வரப்போவதில்லை. பெட்டி சுத்தம், அச்சு சுத்தம், சாறு சுத்தம். ஆனால் இதுநாள் வரை அந்த அம்மாக்கள் சொன்னதெல்லாம் பொய். இதைக் கொடுத்துவிட்டால் அது உண்மையாகிவிடும். ஒவ்வொன்றாக இழுத்துச் சாக்கடையில் போட்டார். ஒன்றுகூட உடையவில்லை, ஒட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அச்சுகளைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் கழுவினார். மனைவி பார்த்தாள்.

"கேன்டீன்ல வெச்சது?"

"கேன்டீன்ல வெக்கலை," என்றார். எங்கே வைத்தார் என்று சொன்னார். மெமோவைப் பற்றியும் சொன்னார்.

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. பணத்தை எடுத்துக்கொண்டு போய், தள்ளுவண்டிக்காரரிடம் ஐஸ் கட்டி வாங்கி வந்தாள். அதை உடைத்து வாளியில் கொட்டி, சமையல் உப்பு டப்பாவை அப்படியே கவிழ்த்தாள்.

"உப்பு போட்டாக் குளிர் கூடும். அச்சை இதுல நட்டு வெச்சுத் திருப்பிக்கிட்டே இருக்கணும். இதையாவது கேளுங்க."

கேட்டார். இரண்டு பேரும் வாளிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அச்சுகளைத் திருப்பினார்கள். விரல்கள் மரத்துப்போயின. அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு அவள் மறுபடி திருப்ப ஆரம்பித்தாள். ஒருவழியாக உறைந்தது. ஓரங்களில் உப்புத்தண்ணீர் கொஞ்சம் புகுந்திருந்தது. அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள்.

உண்மையிலேயே வந்தார்கள். வாசலில் செருப்பு குவிந்தது. பெயர் ஒட்டிய நாற்காலிகள் போதாமல் தரையிலும் உட்கார்ந்தார்கள். மகள் புது கவுனில் நடுவே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து மனைவி அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெமோ என்ன, வேலையே போனாலும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால் பிள்ளைகள் ஒரு மாதிரி அமைதியாக இருந்தார்கள். கேக்கை யாரும் சட்டை செய்யவில்லை. அவர் போகிற பக்கமெல்லாம் கண்கள் வந்தன. ஒருவன் ஓடிவந்து அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினான். அவர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள், பயப்படுகிறார்கள், பாவம்.

தட்டில் குச்சி ஐஸை எடுத்து வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாக்கு நுனியால் தொட்டார்கள். உப்புக் கரித்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இனிமேலும் பேசாமல் இருந்தால் மகளுக்குத்தான் கெடுதல் என்று அவருக்குப் பட்டது. பிள்ளைகளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"பயப்படாம சாப்பிடுங்க கண்ணுங்களா. இந்த ஐஸ் முழுக்க முழுக்க இந்த வீட்டுலயே செஞ்சது. நானும் அம்மாவும் இதோ இந்த வாளியில உறைய வெச்சோம். ஆஸ்பத்திரிப் பக்கமே இது போகலை. சத்தியமா."

எல்லாத் தலைகளும் மகள் பக்கம் திரும்பின. அவள் தன் கவுனின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி தன் ஐஸை மரியாதையாகத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"அப்போ பொணப் பெட்டியில வெச்சது இல்லையா அங்கிள்? அதைத் தின்னத்தானே நாங்க எல்லாரும் வீட்ல பொய் சொல்லிட்டு வந்தோம்."