ஒன்பதாவது குழிக்குக் கிடைத்த இடம்

அரிசோனாப் பாலைவனத்தில் உள்ள எங்கள் ஊரான மெஸ்கிட் ஸ்பிரிங்ஸ் நிரம்பிவிட்டது என்று சென்ற வசந்தத்தில் ஏகமனதாகத் தீர்மானித்தோம். “இயற்கை அன்னையால் இதுக்கு மேல மனுஷங்களைத் தாங்க முடியாது” என்றார் ஊர்க் குழுத் தலைவர் வெண்டெல் ப்ரூஸ்டர். கூட்டம் அவருடைய நீச்சல் குளத்தில் நடந்ததால், தண்ணீருக்குள் நின்றபடியே கைதட்டினோம்.

விதி எளிமையானது. ஆளுக்கு ஒரு இடம், இடத்துக்கு ஒரு பங்கு தண்ணீர். ஊரில் ஒருவர் செத்தாலோ, ஊரை விட்டுப் போனாலோதான் இன்னொருவர் உள்ளே வரலாம்.

இதில் மாட்டிக்கொண்டவள், விதிக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்ட மரிசெலா. கோடையில் இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட ப்ரூஸ்டரை அவர் வீட்டோடு தங்கித் தூக்கி, குளிப்பாட்டி, உடை மாட்டிவிடுகிறவள். ஹோண்டுராஸில் விட்டுவந்த மகளுக்காக வருஷக்கணக்கில் அலைந்து மத்திய அரசிடம் விசாவே வாங்கிவிட்டாள். எங்கள் ஊர்தான் பாக்கி.

இலையுதிர் காலத்தில் கிழவர் ஹெர்ப் காலமானார். அடக்கம் முடிந்த கையோடு மரிசெலா குழுவின் முன் வந்து நின்றாள்.

“ஐயா, ஹெர்ப் போயிட்டாரு. அந்த இடத்த எம்பொண்ணுக்குக் குடுங்க.”

“அடடா. அவரோட தண்ணிப் பங்கை கோல்ஃப் மைதானத்துல ஒன்பதாவது குழிக்கு ஒதுக்கியாச்சேம்மா. அங்க புல்லு காயுது” என்றார் ப்ரூஸ்டர்.

“புல்லு என்ன மனுஷனா?”

“அதான் விஷயமே. மனுஷன்னா ஜனத்தொகை. புல்லுன்னா இயற்கை.”

“எம்பொண்ணு ஒரு வாளித் தண்ணியில குளிச்சிருவா. ஒங்களுக்கே நான் நாலு வாளி ஊத்துறேன்.”

“நான் ஏற்கெனவே இருக்கறவன், சுமையில சேரமாட்டேன். அவ புதுசா வர்றவ, அதனால சுமை.”

அறிவியல்பூர்வமான விளக்கம் என்று குழு பாராட்டியது.

அடுத்து டன்லீவி அம்மாள் ஃபுளோரிடாவுக்குக் குடிபோனாள். அந்த இடம் ப்ரூஸ்டர் வீட்டு வாசலில் பறவைகளுக்கென்று கட்டிய நீரூற்றுக்குப் போயிற்று. பறவை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் அதற்கும் அனுமதி கேட்டிருப்போம்.

“அப்ப யாரு போனாத்தான் எம்பொண்ணுக்கு இடம் கிடைக்கும்?”

“நீ போனாக்கூட ஒரு இடம் காலியாகுமே” என்று ப்ரூஸ்டர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மரிசெலா மறுநாள் காலை பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள்.

எங்களை நேர்மையற்றவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உடனே அவசரக் கூட்டம் போட்டு, காலியான இடத்தை வரிசைப்படி அவள் மகளுக்கே வழங்கினோம். எட்டு வயதுக் குழந்தை தாராளமாக வரலாம். கூட வரத் தாய்க்குத்தான் இடமில்லை.

அதற்குள் ப்ரூஸ்டர் நாறத் தொடங்கியிருந்தார். டெக்ஸஸிலிருந்து ஓர் ஆள் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் இடம்தான் அந்தக் குழந்தைக்குப் போய்விட்டதே, விதி விதிதான்.

“யாராவது ஒருத்தர் ஊரை விட்டுப் போங்கப்பா” என்று நாற்காலியில் இருந்தபடி ப்ரூஸ்டர் கெஞ்சினார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இயற்கையை இவ்வளவு நேசிக்கிற ஊரை விட்டு யாருக்குத்தான் போக மனம் வரும்? ஒன்பதாவது குழியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

எனக்கும் கொஞ்ச நாளாக முழங்கால் வலிக்கிறது.